சுழல் அச்சில் புரி வெட்டுவது எப்படி: துருசுத் திருகு ஒன்றை வைத்து முழுமையான வழிகாட்டி

ஆவணி, புரட்டாதியில் குளங்கள் வற்றிக் கிடக்கும்போதுதான் துருசுத் திருகுகள், அதாவது குளத்துத் தண்ணீரைத் திறந்து மூடும் கதவைத் தூக்கி இறக்கும் திருகுகள், எங்கள் பட்டறைக்கு வரும். சிறுபோகம் முடிந்திருக்கும், காலபோகத்துக்கு மழை இன்னும் தொடங்கியிருக்காது. கதவைக் கழற்றிப் பார்க்க வன்னியில் அதைவிட்டால் வேறு நேரம் இல்லை. அப்படித்தான் ஒரு வருடம் கமக்கார அமைப்பைச் சேர்ந்த அண்ணை ஒருவர், யூரியாப் பையில் சுற்றிய பழைய திருகு ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். கிறீஸும் களிமண்ணும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. "தம்பி, நட்டு நல்லா இருக்கு, திருகுதான் தேஞ்சு போச்சு. நட்டை மாத்தாமல் திருகை மட்டும் செய்து தாரும்" என்றார்.

வெண்கல நட்டு. அதை வீசிவிட்டுப் புதிதாகச் செய்வதென்றால் அவர்களுக்குத் திருகைவிடக் கூடச் செலவாகும். நான் வேர்ணியரை எடுத்து ஒரு புரியிலிருந்து அடுத்த புரிக்கு அளந்தேன். 6 மில்லிமீற்றர் என்று காட்டியது. 6 என்றே வெட்டினேன். நட்டு இரண்டு சுற்று ஏறி அப்படியே இறுகி நின்றுவிட்டது. பிறகு பழைய திருகில் தேயாத பகுதியைத் தேடி, பத்துப் புரிகளைச் சேர்த்து அளந்தபோது 63.5 வந்தது. அங்குலத்துக்கு நாலு புரி. அதாவது 6.35. ஒரு புரிக்கு 0.35 பிழை, எட்டுப் புரி நீளமுள்ள நட்டுக்குள் எப்படிப் போகும்?

நான் புரி வெட்டுவது கணினி ஓட்டும் மில்லிங் மெஷினின் சுழல் அச்சில். அது தண்டைத் திருப்பிக்கொண்டிருக்க, சுழலும் கட்டர் தண்டின் நீளத்துக்கு நகர்ந்து வெட்டும். நிரலில் அந்த அச்சின் பெயர் ஏ. அந்தத் திருகிலிருந்து நான் கற்றதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புரி என்பது சுற்றுகளின் கணக்கு. மில்லிமீற்றரில் தொடங்கினால் எங்கோ ஓரிடத்தில் தசமம் உதைக்கும். முழுச் சுற்றில் தொடங்கினால் நிரல், திரும்பி வருவது, கரண்ட் போன பிறகு மீண்டும் புரியைப் பிடிப்பது எல்லாம் இலகுவாகிவிடும். கிளிநொச்சி அறிவியல் நகரில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் பட்டறைக்கு வந்து இதைக் கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

எப்போது லேத், எப்போது சுழல் அச்சு

உங்களிடம் நல்ல லேத் இருந்து, தேவையான புரிக்குப் பற்சக்கரமும் இருந்தால் லேத்திலேயே வெட்டுங்கள். சுழல் அச்சில் ஒரு மணிநேரத்துக்கு மேல் எடுக்கும் வேலை அங்கே மிக விரைவாக முடிந்துவிடும்.

சுழல் அச்சு கைகொடுப்பது வேறு இடங்களில். மெற்றிக் லேத்தில் அங்குலப் புரி வெட்ட 127 பல் சக்கரம் வேண்டும், அது பெரும்பாலும் பெட்டியில் இருக்காது. ஏ அச்சுக்கு 6.35 உம் ஒன்றுதான், 5 உம் ஒன்றுதான். இடப்புரி, இரட்டைப் புரி, வேறெங்கும் இல்லாத புரியிடைத் தூரம், இவையெல்லாம் அதற்கு வெறும் எண்கள். லேத்தே இல்லாமல் நாலச்சு மில்லிங் மெஷின் மட்டும் வைத்திருப்பவர்களும் இப்போது இருக்கிறார்கள்.

ஒரு எடுத்துக்காட்டோடு போவோம். வாய்க்கால் கதவுக்கு 24 மில்லிமீற்றர் விட்டம், 5 மில்லிமீற்றர் பிட்ச் கொண்ட சரிவகப் புரி, நீளம் 150. பிட்ச் என்பது புரியிடைத் தூரம். மெற்றிக் சரிவகப் புரியின் பக்கங்களுக்கு இடையிலான கோணம் 30 பாகை. இந்த அளவுக்குப் புரியின் ஆழம் 2.75, அடி விட்டம் 18.5, பள்ளத்தின் அடி அகலம் ஏறத்தாழ 1.7.

முதலில் கணக்கு

வேலைத்துண்டு ஒரு முழுச் சுற்று, அதாவது 360 பாகை திரும்பும்போது கட்டர் ஒரு பிட்ச் தூரம் நகர வேண்டும். இதற்குமேல் வேறு சூத்திரம் இல்லை. 5 பிட்ச் என்றால் ஒரு மில்லிமீற்றருக்கு 72 பாகை.

இப்போது சுற்றை எண்ணுங்கள். 150 மில்லிமீற்றருக்கு 30 சுற்று. கட்டர் துண்டுக்கு வெளியே, காற்றிலேயே வேகம் பிடித்துவிட வேண்டும் என்பதற்காக ஒரு சுற்று முன்னால் தொடங்குகிறோம். மொத்தம் 31 சுற்று. தண்டின் நீளவாக்கில் நகரும் எக்ஸ் அச்சில் 155 மில்லிமீற்றர், ஏ அச்சில் 11160 பாகை. இரண்டும் தசமம் இல்லாத எண்கள்.

நட்டை இறுக வைத்த அந்தப் பழைய திருகுக்கும் இதே வழிதான். 25 சுற்று என்று வைத்தால் ஏ அச்சு 9000 பாகை, எக்ஸ் 158.75. மாறாக 150 மில்லிமீற்றரில் தொடங்கி, மில்லிமீற்றருக்கு 56.6929 பாகை என்று பெருக்கப் போனால் வேலை முடியும்வரை தசமத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

ஏ அச்சு சொன்னபடி திரும்புகிறதா

என்னுடைய சுழல் அச்சில் ஒரு சுற்றுக்கு 200 படி கொண்ட ஸ்டெப்பர் மோட்டார். டிரைவரில் ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரித்திருக்கிறேன். பட்டிச் சக்கரம் ஆறுக்கு ஒன்று. ஆக, தண்டைப் பிடித்திருக்கும் சக் ஒரு சுற்றுத் திரும்ப 9600 துடிப்புகள். 360 ஆல் வகுத்தால் பாகைக்கு 26.6667. இதை 26.7 என்று அடித்துவிட்டால் 30 சுற்றில் 13.5 பாகை பிழை வரும். எக்ஸில் அது 0.19 மில்லிமீற்றர், நீளமான நட்டு அதைக் காட்டிக்கொடுக்கும். 26.67 என்று போட்டால் பிழை 0.02 தான். துருசுக் கதவுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆனாலும் தசமத்தை முழுமையாகக் கொடுப்பதில் என்ன கஷ்டம்?

எண்ணைக் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். சக்கின் விளிம்பில் ஒரு கோடு, பீடத்தில் ஒரு கோடு, இரண்டையும் ஊசியால் கீறி நேராக வையுங்கள். ஏ அச்சை 3600 பாகை ஓடவிடுங்கள். பத்துச் சுற்று முடிந்து கோடுகள் மறுபடி நேராக நிற்க வேண்டும். விலகி நின்றால் பட்டி வழுக்குகிறது, அல்லது எண் பிழை. அந்தக் கோடுகளை அழிக்க வேண்டாம், பின்னால் அவற்றுக்கு வேலை இருக்கிறது.

பொருத்துதல்

நேரான தண்டு ஒன்றைச் சக்கிலும், மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டொக்கிலும் பிடித்து, டயல் கேஜை மேற்புறமும் பக்கவாட்டிலும் ஓட்டிப் பாருங்கள். 150 மில்லிமீற்றரில் 0.02க்குள் நின்றால் போதும்.

தண்டின் டெயில்ஸ்டொக் பக்க முனையை, அடி விட்டத்துக்குச் சற்றுக் கீழே, 18 மில்லிமீற்றர் அளவில் பத்து மில்லிமீற்றர் நீளத்துக்கு முன்கூட்டியே கடைந்து வைத்திருங்கள். கட்டர் இறங்கித் தொடங்குவது அந்தக் கழுத்தின் மேல்தான். சக் பக்கம் புரி முடியும் இடத்திலும் அதே விட்டத்தில் ஒரு பள்ளம் வேண்டும், கட்டர் அங்கே மேலெழும். அதிலிருந்து சக் தாடைக்குக் குறைந்தது 30 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலில், கட்டரை இறுக்கிப் பிடிக்கும் கொலெட் நட்டு அகலமானது. கட்டரையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது தாடையில் போய் முட்டும்வரை தெரியாது.

பூஜ்ஜியங்கள் மூன்று. எக்ஸ் பூஜ்ஜியம் புரி தொடங்கும் விளிம்பு. தண்டுக்குக் குறுக்கே நகரும் ஒய்யின் பூஜ்ஜியம் சுழலும் அச்சின் நேர்மேலே இருக்க வேண்டும். தண்டின் இரு பக்கமும் தொட்டுப் பார்த்துப் பாதியாக்குங்கள். இது அரை மில்லிமீற்றர் விலகினாலும் புரியின் ஒரு பக்கம் சரிந்தும் மறு பக்கம் நிமிர்ந்தும் வரும். மேலும் கீழும் நகரும் இசட்டின் பூஜ்ஜியத்தைத் தண்டின் மேற்பரப்பில் வைக்காமல் சுழலும் அச்சின் மையத்தில் வைப்பதுதான் என் வழக்கம். அப்போது இசட் எண்ணே ஆரையாகிவிடும்: மேற்பரப்பு 12, புரியின் அடி 9.25. தண்டு 23.9 ஆகக் கடைந்திருந்தாலும் அடி விட்டம் பிசகாது.

கடைசியாக, தாடையிலிருந்து தண்டு வரை மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்து விடுங்கள். வெட்டும்போது தண்டு சக்குக்குள் வழுக்கினால் அந்தக் கோடு உடைந்து தெரியும்.

கட்டர்

பக்கத்துக்கு 15 பாகை சரிவு, நுனி தட்டையாக 1.5 மில்லிமீற்றர் அகலம், இரண்டு வெட்டு விளிம்பு உள்ள கார்பைட் கட்டர். தட்டு வடிவக் கட்டரில் புரி வெட்டினால் புரியின் சாய்வுக்கு ஏற்ப, இங்கே நாலு பாகைக்குச் சற்று மேலே, அதைச் சாய்க்க வேண்டும். கூம்பு வடிவக் கட்டர் நேர்மேலிருந்து இறங்குவதால் அந்தத் தொல்லை இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் அது ஒரே வடிவம்தான்.

பழைய சதுரப் புரிக்கு இந்தக் கட்டர் சரிவராது. அதற்குச் சாதாரண எண்ட் மில் போதும். அங்குலச் சரிவகப் புரியான அக்மேக்குக் கோணம் 29 பாகை, 30 அல்ல. பழைய நட்டோடு பொருந்த வேண்டுமென்றால் அந்த ஒரு பாகையையும் கவனியுங்கள்.

வேகம்: அதிகம் பேர் தடுக்கி விழும் இடம்

நிரலில் ஜி என்று தொடங்குபவை மெஷினுக்கான கட்டளைகள், எஃப் என்பது நகரும் வேகம். வழமையான ஜி94 முறையில் எஃப்300 என்று கொடுத்தால் நிமிடத்துக்கு 300 மில்லிமீற்றர். ஆனால் ஒரே வரியில் மில்லிமீற்றரும் பாகையும் சேர்ந்து வரும்போது அந்த 300 எதைக் குறிக்கிறது? மெஷினை ஓட்டும் மென்பொருளான லினக்ஸ்சிஎன்சி எக்ஸின் நகர்வை மட்டும் பார்க்கும். 155 மில்லிமீற்றரை 31 செக்கனில் முடிக்கப் பார்க்கும், சக் செக்கனுக்கு ஒரு சுற்று ஓட வேண்டியிருக்கும். வேறு சில கட்டுப்பாட்டுப் பலகைகள் பாகையையும் மில்லிமீற்றர் மாதிரியே கூட்டிக்கொள்ளும். அங்கே இதே வரி 37 நிமிடம் ஓடும். வரி ஒன்று, மெஷின் இரண்டு. ஒன்றில் கட்டர் முறியும், மற்றதில் கட்டர் உலோகத்தை வெட்டாமல் தேய்த்தே மழுங்கும். வேறொருவர் எழுதிய நிரலை அப்படியே வாங்கி ஓட்ட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதற்காரணம் இது.

இதற்குத்தான் ஜி93 இருக்கிறது. அதில் எஃப் என்பது வேகம் அல்ல. அந்த வரி எத்தனை நிமிடத்தில் முடிய வேண்டுமோ, ஒன்றை அந்த நிமிடத்தால் வகுத்த எண். லினக்ஸ்சிஎன்சி, அதேபோன்ற மென்பொருளான மாக்3 இரண்டுக்கும் இது தெரியும்.

நம் தண்டுக்குப் போடுவோம். 24 விட்டத்தின் சுற்றளவு 75.4. ஐந்து மில்லிமீற்றர் பக்கவாட்டு நகர்வையும் சேர்த்தால் ஒரு சுற்றில் கட்டர் போகும் பாதை 75.56. 31 சுற்றுக்கு 2342 மில்லிமீற்றர். மென்னுருக்கில், 6000 சுழற்சியில், நிமிடத்துக்கு 300 மில்லிமீற்றர் என் மெஷினுக்குத் தோதான வேகம். ஆக 7.81 நிமிடம். ஒன்றை அந்த நிமிடத்தால் வகுத்தால் ஏறத்தாழ 0.1281. சக் நிமிடத்துக்கு நாலு சுற்றளவில் மெதுவாகத் திரும்பும். உங்கள் மெஷின் தளர்வானது என்றால் 200இல் தொடங்குங்கள்.

ஜி93 இல் இரண்டு விடயங்களை மறக்கக் கூடாது. ஒன்று, ஒவ்வொரு வெட்டு வரியிலும் எஃப் எழுத வேண்டும், முந்தைய வரியின் எஃப் தொடராது. மற்றது, வேலை முடிந்ததும் ஜி94க்குத் திரும்ப வேண்டும். மறந்துவிட்டு அடுத்த வரியில் இசட்டை எஃப்100 இல் இறக்கினீர்களானால், நிமிடத்தில் நூறில் ஒரு பங்கில், அதாவது 0.6 செக்கனில் கட்டர் கீழே வந்து குத்தும்.

நிரல்

எழுத்துகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். மெஷினில் அடிக்கும்போது ஆங்கில எழுத்துகளாக அடியுங்கள்.

ஜி21 ஜி90 ஜி94 ஜி64
எம்3 எஸ்6000
ஜி0 இசட்20
ஜி0 எக்ஸ்5 ஒய்0
ஜி1 இசட்11.4 எஃப்100
ஜி91 ஜி93
ஜி1 எக்ஸ்-155 ஏ11160 எஃப்0.1281
ஜி90 ஜி94
ஜி0 இசட்20
ஜி0 எக்ஸ்5

இது முதல் வெட்டு. கடைசி வரியைப் பாருங்கள். எக்ஸ் மட்டும் திரும்பி வருகிறது, ஏ அச்சு இருந்த இடத்திலேயே நிற்கிறது. 31 முழுச் சுற்று முடிந்திருப்பதால் தண்டு தொடங்கிய அதே முகத்தைத்தான் காட்டிக்கொண்டு நிற்கும். திருப்பிச் சுற்ற வேண்டியதே இல்லை. நேரம் மிச்சமாவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய லாபம், ஏ அச்சு எப்போதும் ஒரே திசையில் திரும்புவதால் அதன் பற்களில் உள்ள தளர்வு வேலையில் தெரியாது. நீளம் முழுச் சுற்றாக இல்லாவிட்டால் இந்த வசதி கிடைக்காது.

ஜி91 போட்டு, இருக்கும் இடத்திலிருந்து எவ்வளவு என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. சில அமைப்புகளில் ஏ அச்சின் எண் 360 ஆனதும் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். அங்கே, பூஜ்ஜியத்திலிருந்து அளக்கும் ஜி90 இல் ஏ11160 என்றால், அது பூஜ்ஜியம்தானே என்று அச்சு அசையாமலே நின்றுவிடலாம். எக்ஸ் மட்டும் ஓடித் தண்டில் நீளமாக ஒரு வாய்க்கால் வெட்டும். அந்த அமைப்பு உங்கள் மென்பொருளில் இருந்தால் புரி வேலைக்கு அதை நிறுத்தி வையுங்கள்.

மிச்ச வெட்டுகளுக்கு இசட் எண்ணை மட்டும் மாற்றுங்கள்: 10.9, 10.5, 10.15, 9.85, 9.6, 9.4, 9.25. ஆழம் கூடக்கூடக் கட்டரின் பக்கங்களும் உலோகத்தைப் பிடிக்கும். அதனால்தான் முதல் வெட்டு 0.6 ஆக இருந்தும் கடைசி வெட்டு 0.15 ஆகக் குறைகிறது. எட்டு வெட்டுக்கும் ஒரு மணிநேரத்துக்குச் சற்று மேல் பிடிக்கும்.

வெட்டுமுன் பேனா

இதைத் தவிர்க்காதீர்கள். தண்டைச் சுற்றி வெள்ளைத் தாளை ஒட்டி, ஸ்பிண்டிலில் கட்டருக்குப் பதிலாக மார்க்கர் பேனாவைப் பிடித்து, ஸ்பிண்டிலைச் சுழல வைக்கும் எம்3 வரியை எடுத்துவிட்டு, பேனா நுனி தாளைத் தொடுமளவுக்கு இசட்டை அமைத்து நிரலை ஒரு தடவை ஓட்டுங்கள். சுருளாக ஒரு கோடு விழும். பத்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்தால் 50 வர வேண்டும். எக்ஸ் திரும்பி வந்ததும் இரண்டாவது தடவையும் ஓட்டுங்கள். இரண்டாவது கோடு முதற்கோட்டின் மேலேயே விழுந்தால் உங்கள் கணக்கும் பட்டியும் சரி. இரட்டைக் கோடாகத் தெரிந்தால் எங்கோ படி தவறுகிறது.

பிறகு சாதாரண போல்ட் ஒன்றைத் தாளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோட்டின் சாய்வும் போல்ட் புரியின் சாய்வும் ஒரே பக்கமாக இருந்தால் வலப்புரி. எதிர்ப்பக்கமாக இருந்தால் ஏ11160க்கு முன்னால் கழித்தல் குறி போடுங்கள், எக்ஸில் கை வைக்க வேண்டாம். ஒவ்வொரு மெஷினிலும் மோட்டார் பூட்டிய விதம் வேறுவேறு. எந்தக் குறி எந்தப் புரி என்பதை இங்கிருந்து நான் சொல்ல முடியாது, பேனா சொல்லிவிடும்.

நட்டுக்குப் பொருத்துதல்

எட்டாவது வெட்டு முடிந்ததும் பள்ளத்தின் அடி 1.5 அகலமாகத்தான் இருக்கும், நமக்கு வேண்டியது 1.7. இதற்காக ஆழத்தைக் கூட்டாதீர்கள். அதே 9.25 இல் தொடக்கத்தை எக்ஸ்5.1 ஆக்கி ஒரு வெட்டு, எக்ஸ்4.9 ஆக்கி ஒரு வெட்டு. இரு பக்கமும் 0.1 சீவப்படும்.

இப்போது தண்டைச் சக்கிலிருந்து கழற்றாமல், டெயில்ஸ்டொக்கை மட்டும் பின்னுக்கு எடுத்து, புரியைத் தூரிகையால் துடைத்து, நட்டைக் கையால் ஏற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் ஒரு பக்கம் மட்டும் இன்னும் 0.05. மண்ணும் மணலும் கலந்த தண்ணீரில் வேலை செய்யும் திருகு இது. நட்டு விரலால் தள்ளினாலே ஓட வேண்டும். பட்டறையில் அழகாக இறுகிப் பொருந்துவது குளக்கட்டில் ஒரு மாரி முடியுமுன் சிக்கிக்கொள்ளும்.

கரண்ட் போனால்

2022 மின்வெட்டு நாட்களில் இதை நான் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. ஐந்தாவது வெட்டின் நடுவில் கரண்ட் போகும். ஸ்டெப்பரின் பிடி விட்டுவிடும், கணினிக்கும் இடம் மறந்துவிடும். தண்டைக் குப்பையில் போட வேண்டியதில்லை.

முதலில் சக்கைத் தளர்த்தாதீர்கள், தண்டைத் தொடாதீர்கள். கட்டர் பள்ளத்துக்குள் நின்றிருந்தால் ஸ்பிண்டிலைக் கையால் சற்றுத் திருப்பிவிட்டு இசட்டை மேலே எடுங்கள். கரண்ட் வந்ததும் எக்ஸ், ஒய், இசட் மூன்றையும் எல்லைச் சுவிட்சுகளில் தொட்டு மீட்டெடுங்கள். ஏ அச்சுக்குப் பெரும்பாலும் சுவிட்ச் இருக்காது. அங்கேதான் முன்பு கீறிய கோடுகள் உதவும். தொடங்கும்போது அவற்றை நேராக வைத்திருந்தீர்களானால், இப்போதும் கோட்டைக் கோட்டுக்கு நேரே கொண்டுவாருங்கள். இது கிட்டத்தட்டச் சரியான இடம்.

நுட்பமான பிடிப்பு அடுத்தது. எக்ஸை பிட்சின் முழு மடங்கான ஓர் இடத்துக்கு, வெட்டி முடிந்த பகுதிக்குள், சொல்லப்போனால் எக்ஸ்-50க்குக் கொண்டுபோங்கள். தொடக்கமான எக்ஸ்5இலிருந்து அது 55 மில்லிமீற்றர், சரியாகப் பதினொரு சுற்று. ஆகவே அந்த இடத்தில் தண்டு தொடக்கத்தில் நின்ற அதே நிலையில்தான் நிற்க வேண்டும். ஸ்பிண்டில் ஓடாமல், கட்டரைக் கையால் திருப்பி இரு விளிம்புகளும் பள்ளத்தின் இரு பக்கத்தையும் பார்க்கும்படி வைத்து, இசட்டை மெல்ல மெல்ல இறக்குங்கள். இரு பக்கமும் சிகரெட் தாள் ஒன்றைச் செருகி, இரண்டும் ஒரே இறுக்கமாக உரசும்வரை ஏ அச்சைப் பத்தில் ஒரு பாகையாக நகர்த்துங்கள். உரசியதும் அந்த இடத்தை ஏ பூஜ்ஜியம் என்று பதியுங்கள். ஒரு பாகை என்பது எக்ஸில் 0.014 தான் என்பதால், கை கொஞ்சம் பழகினால் மறுபிடித்த இடம் எதுவென்று புரியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அதன்பின் இசட்டை உயர்த்தி, எக்ஸ்5க்குப் போய், ஏ அச்சை முழுச் சுற்றாக மட்டும் திருப்பி, நின்றுபோன வெட்டை முதலிலிருந்து ஓட்டுங்கள். ஏற்கெனவே வெட்டிய பகுதியில் கட்டர் சத்தமில்லாமல் போகும். சத்தம் கேட்டால் உடனே நிறுத்தி மறுபடி தாளை வையுங்கள்.

இரட்டைப் புரிக்கு ஒரு வார்த்தை: ஒரு சுற்றுக்கு நகர்வு இரண்டு பிட்ச், அதாவது நம் தண்டில் 10 மில்லிமீற்றர். முதற்புரியை முழு ஆழம் வரை முடித்துவிட்டு, ஏ அச்சை 180 பாகை திருப்பி இரண்டாவதைத் தொடங்குங்கள். மூன்றென்றால் 120.

எல்லாம் முடிந்ததும் தொடக்கத்தில் சவரத் தகடு போல மெல்லியதாக நிற்கும் முதல் அரைச் சுற்றை அரத்தால் சீவி விடுங்கள். விட்டுவைத்தால் அதுதான் முதலில் மடிந்து வெண்கல நட்டைக் கீறும். அந்த 6.35 திருகை இப்படிச் சீவி, கிறீஸ் பூசி, வந்த யூரியாப் பையிலேயே சுற்றிக் கொடுத்தேன். அண்ணை பையைப் பிரித்து, நட்டை முனையில் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். அது சுழன்றுகொண்டே அடிவரை போனது.